செப்டிக் டேங்க் குழியில் ஒரு தாழி

என் தங்கையின் கணவர் புது வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டினார். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் ஒரு சரளை மேடு. விதைத்தால் விதைகூடத் திரும்பாது. ஆளுயரம் தோண்டியதும் பொக்லைனின் பல், ஒரு பெரிய மண் தாழியின் விளிம்பைப் பெயர்த்தது. உள்ளே எலும்பு. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழி.

வருவாய்த்துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் என்பதால் தங்கை எனக்குப் போன் செய்தாள். நான் போனபோது அவள் கணவர், மண்ணைத் தள்ளி மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க மாப்ளே."

"சத்தம் போடாதீக மச்சான். வெளியில தெரிஞ்சா கவர்மெண்டு வேலியப் போட்ருவான். தையில பால் காய்ச்ச வேணாமா?"

"தாழிதான் கவர்மெண்டுக்கு. நெலம் உங்களுக்கு. மூடுனாத்தான் வம்பு."

"ஒங்க ஆபீசு சொன்ன நாள்ல எது நடந்திருக்கு?"

நியாயமான கேள்வி. மனு எழுத உட்கார்ந்தேன். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தொல்லியல் துறை என்று மூன்று பிரதி, புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, கொடுத்ததற்கு ஒப்புதல். ஒரு நடைமுறையும் விடவில்லை. எதையும் கழுவாதே என்று தங்கையிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன்.

தொல்லியல் அலுவலர் வந்தார். முழங்கால் வரை செம்மண் அப்பிய பெண்மணி. தாழி விளிம்போடு பெயர்ந்து வந்த சின்னக் கிண்ணம் ஒன்றைத் தங்கை தாம்பாளத்தில் ஏந்தி வந்தாள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமமும் வைத்திருந்தாள்.

"உள்ள மண்ணு இருந்துச்சாம்மா?"

"மண்ணும் உமியுமா ஒட்டிக் கெடந்துச்சு. பெரியவுக பொருள அழுக்கோடயா குடுக்கிறது?"

"அந்த அழுக்குதாம்மா வேணும். அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு அதுதான் சொல்லும்."

தங்கையின் முகம் வாடிவிட்டது. "ஏண்ணே, இம்புட்டுக் காகிதம் எழுதுனீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

இனித் தாழியின் அடியில் ஏதாவது மிச்சம் இருந்தால்தான் உண்டு. அலுவலர் நான்கு நாள் குழிக்குள் இறங்கி, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினார். தங்கை மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் இன்னொரு கிண்ணம் கிடைத்தது, வாய்வரை மண்ணோடு. அலுவலர் அந்த மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தார்.

"இவுக மட்டும் கழுவலாமாக்கும்" என்றாள் தங்கை.

கறுத்த உமி மேலே மிதந்து வந்தது. நெல். குனிந்து பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எலும்புகளோடு கிடைத்த பற்கள் அடிவரை தேய்ந்திருந்தன. கல்லில் அரைத்ததைக் கல்தூளோடு தின்று தேய்ந்த பல், வயதானவர் என்றார் அலுவலர். மெல்ல முடியாத ஒருவருக்குக் கடைசிவரை குழையச் சமைத்துக் கொடுத்திருப்பார்கள். போகும்போது கிண்ணத்தில் நெல்லும் வைத்திருக்கிறார்கள். கீழே கண்மாயும் வயலும் இருக்க, விளையாத சரளையில் மட்டும் புதைத்திருக்கிறார்கள். நன்செய், புன்செய், புறம்போக்கு என்று நாங்கள் அளந்து எழுதிய வேலையை, ஒரு கோப்பும் எழுதி வைக்காத அந்த ஆட்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். நாங்கள் அளந்ததில்கூட நான் இத்தனை பெருமைப்பட்டதில்லை.

வேலி வரவில்லை. செப்டிக் டேங்க் பதினைந்தடி அங்குட்டுத் தள்ளிப் போனது. தையில் பால் பொங்கியதும் மாப்பிள்ளை விருந்தாளிகளைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"இங்குட்டு வாங்க. இந்த எடந்தான். பாத்ததுமே பொக்லைன நிறுத்துன்னுட்டேன். நம்ம பெரியவுகள்ல? நெல்லுச் சோறு தின்ன ஆளுக!"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஆட்சேபணை எதுவும் பதிவு செய்யவில்லை.