ஒட்டிக்கொண்ட ஓட்ஸ் தட்டு

போன வாரம் என் மருமகள் ஓவனில் ஒரு பலகாரம் செய்தாள். கீழே ஓட்ஸ், நடுவில் கேரமல், மேலே முந்திரியும் பாதாமும். புதுசு மாமா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சாத்தாங்காட்டில் மூன்று இரும்புக் கடை. தகட்டைக் கையில் தூக்கினாலே எடை சொல்லுவேன், தராசு எனக்குப் பிறகுதான் பேசும். இந்தப் பலகாரத்தை நான் டிராயர் போட்ட வயதிலேயே தின்றிருக்கிறேன், அதுவும் உளி வைத்து உடைத்து.

அப்போது தண்டையார்பேட்டையில் இருந்தோம். அப்பா பட்டறையில் தகடு வெட்டுகிறவர். அம்மா கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பாள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தாத்தா செத்த வீட்டில் வார்த்தை தடித்து, அக்காவும் தம்பியும் பேச்சை விட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவே இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு போகும். கொண்டு போகிறவன் நான். அத்தை வாசலிலேயே வாங்கித் தன் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கையோடு திருப்பிவிடுவாள். அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே அனுப்பவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது.

அந்த வருஷம் கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டின் ஓட்ஸ் கொடுத்தார். நோயாளிக் கஞ்சி என்று நான் மூக்கைச் சுளித்தேன். அம்மா அதை டால்டாவில் வறுத்து, வெல்லம் பிசைந்து, அப்பா வெட்டிக் கொடுத்த தகரத் தட்டில் அழுத்தினாள். மணல் போட்ட அண்டாவில் அதை இறக்கி, மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டாள். வெந்ததும் பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பாகை ஊற்றிக் கடலையைத் தூவினாள்.

அத்தை தட்டைக் கவிழ்த்தாள். விழவில்லை. கரண்டியால் நெம்பினாள். அசையவில்லை. என்னை வெறுங்கையோடு அனுப்பினாள்.

சாயங்காலம் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே வந்து நின்றாள். நேராக அம்மாவிடம்தான் கேட்டாள்.

“இன்னாடி, துன்றதுக்கு அனுப்ச்சியா, வூடு கட்றதுக்கு அனுப்ச்சியா?”

“உங்க தம்பி கைல குடுங்க அண்ணி. அவர்கிட்டதான் உளி கீது,” என்றாள் அம்மா.

அப்பா உளியும் சுத்தியும் எடுத்துவந்து உட்கார்ந்தார். ஆடாமலிருக்க அத்தை தட்டைப் பிடித்துக்கொண்டாள். ஓங்கிய சுத்தி அப்படியே நின்றது.

“கைய எட்த்துக்கோக்கா. பட்டுடப் போவுது.”

அத்தை கையை எடுக்கவில்லை. “நீ அடி நைனா. உன் கை எனக்குத் தெரியாதா,” என்றாள். அப்பா அடித்தார். அத்தை அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். நான் தெறித்த துண்டுகளைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

பாகில் கைதேர்ந்த அம்மா ஒரு தடவை கோட்டைவிட்டாள் என்று அவள் சாகும்வரை கேலி செய்திருக்கிறேன். சிரிப்பாளே தவிர மறுத்துப் பேசமாட்டாள்.

போன வாரம் மருமகள் ஓட்ஸைக் கொட்டுமுன் தட்டுக்குள் காகிதம் விரித்தாள். எதற்கம்மா என்றேன். “ஒட்டாம வரணும்ல மாமா,” என்றாள்.

மிட்டாய்த் தட்டுக்கு எண்ணெய் தடவுவது அந்த நாளில் என் வேலை. அம்மா ஓட்ஸ் போட்ட அன்றைக்கும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, போய் விளையாடுடா என்றாள். ஒரு வேலை மிச்சம் என்று நானும் ஓடிவிட்டேன்.