அடுப்பில்லாத தேத்தண்ணி

சென்ற கிழமை மகன் மலையேறப் போய்வந்து, மிஞ்சிய ஒரு சாப்பாட்டுப் பெட்டியை என் முன்னால் வைத்தான். அடியில் உள்ள நூலை இழுத்தால் உள்ளே தண்ணீரும் ஏதோ தூளும் கலந்து, நெருப்பில்லாமலே சாப்பாடு சூடாகுமாம். பெரிய புதினம் காட்டுகிற முகம் அவனுக்கு. பெட்டி புகையத் தொடங்கியதும் வந்தது பாருங்கள் ஒரு மணம், நனைந்த சுண்ணாம்பு மணம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அட மடையா, இந்த வித்தையில்தானே நான் உன் அப்பாவையே பிடித்தேன்!

எண்பதுகளின் நடுவில் நான் எங்கள் தீவில், சரவணைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெப்பம் என்ற பாடம் வந்தால் வகுப்பில் ஒரே கொண்டாட்டம். ஒன்றோடொன்று உரோஞ்சினால் சூடு வரும் என்று சொல்லி நான் வாய் மூடுமுன், புளியங்கொட்டையைச் சீமெந்து நிலத்தில் உரோஞ்சிப் பக்கத்தில் இருப்பவனின் கையில் வைத்துவிடுவார்கள். அவன் ஐயோ என்று குளறுவான். அடுத்த வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர் எட்டிப் பார்ப்பார். மண்கும்பானிலிருந்து சைக்கிளில் வருகிறவர். எட்டிப் பார்த்துப் பார்த்தே எங்கள் விஷயம் முற்றிவிட்டது. யாரும் குளறாத நாட்களில் எனக்குப் பாடமே ருசிக்கவில்லை என்றால் பாருங்களேன்.

அவருடைய தாய்க்கு மட்டும் மனமில்லை. படிப்பிக்கிற பெட்டைக்கு அடுப்பு மூட்டத் தெரியுமோ என்று ஊரெல்லாம் கேட்டாராம். கடைசியில், வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். என் கலியாணம் ஒரு தேத்தண்ணியில் வந்து நின்றது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் பிடித்த மழை விடவேயில்லை. குசினிக் கூரை ஒழுகி அடுப்பு, பனைமட்டை எல்லாம் ஊறிப்போயின. கடையில் மண்ணெண்ணெயும் இல்லை. தாயும் மகனும் படலையைத் திறந்தபோது என் அம்மா ஈரமட்டையை ஊதி ஊதி அழுதுகொண்டிருந்தார். அது புகைக்கு அழுததோ எனக்காக அழுததோ, தெரியாது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க என் ஐயா வாங்கிய சுண்ணாம்புக்கல் கொட்டிலில் பீப்பாய்க்குள் மூடிக்கிடந்தது. கடற்கரைச் சூளையில் சுட்ட கல், தண்ணீர் பட்டால் கொதிக்கும். கேத்திலில் தண்ணீர் நிரப்பி, சுண்ணாம்பு விழாமல் மூக்கையும் மூடியையும் துணியால் அடைத்து, அங்கேயே ஒரு பழைய தொட்டிக்குள் வைத்தேன். சுற்றிவரக் கல்லைப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். பயத்தில் கை கஞ்சத்தனம் பண்ணிவிட்டது. கல் சும்மா புகைந்ததே தவிர, கேத்தில் இளஞ்சூட்டைத் தாண்டவில்லை.

பின்கதவால் எட்டிப் பார்த்த கணக்கு வாத்தியார், நான் புகைக்குள் நிற்பதைக் கண்டார். பழக்கதோஷம், எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். நெருப்பென்று நினைத்து ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினாரே! தொட்டி சீறிப் பொங்கியது. எங்கள் இரண்டுபேர் மேலும் வெள்ளைத் துமி. நல்லகாலம், கண்ணில் படவில்லை. கேத்தில் மூக்கில் அடைத்த துணியைத் தள்ளிக்கொண்டு ஆவி பறந்தது.

திரும்பினால் வாசலில் அவருடைய தாய். என் சீலையையும் மகனின் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளையடிக்கிறதெண்டால் சுவருக்கல்லோ அடிக்கிறது," என்றார். பிறகு கேத்திலைக் காட்டி, "ஆறமுதல் தேயிலையைப் போடும் பிள்ளை."

கதிரையில் இருந்துகொண்டு ஒரு மிடறு குடித்தார். பிறகு என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அடுப்பில்லாமலே இப்பிடிப் போடுறவளுக்கு, அடுப்பு மூட்டத் தெரிஞ்சென்ன, தெரியாட்டியென்ன."

தொண்ணூறில் சண்டை வந்து எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அந்தச் சூளையும் இல்லை, வீடும் இல்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். மாமி கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். இந்தக் குளிர்தேசத்தில் நான் போட்டுக்கொடுத்த ஒவ்வொரு தேத்தண்ணியையும் உறிஞ்சிவிட்டு, "அண்டைக்குச் சுண்ணாம்பில போட்ட மாதிரி வராது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் குடிக்கிறார்கள்.