நவமியில் வைத்த நெருப்பு

சங்கக்கடையில் மாவுக்கும் பாணுக்கும் வரிசை நின்ற எழுபதுகளில், கப்பல்துறைக் காட்டோரம் நாங்கள் பதினாறு குடும்பங்கள் காடு வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தோம். அதில் ஒரு காணி என் அண்ணன் மனைவி நல்லம்மாவுடையது. அண்ணன் காய்ச்சலில் போன பிறகு மச்சாள் தனியாகவே காடு வெட்டினார். ஊரில் எவருக்கும் அவர் வாயைக் கண்டால் பயம், எனக்கும்தான்.

வெட்டிக் காயவிட்ட காட்டைக் கொளுத்த ஒரு முறை இருந்தது. ஊர்ப் பெரியவர் சோமசேகரத்தார் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பார். முதல் நெருப்பு மேற்கு மூலைக் காணியில். அதற்கு முன் வேறு எவரும் வைப்பதில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதைக் கிழக்கே இழுத்துப்போகும். எங்கள் ஓலை வீடுகளும் கிழக்கேதான் இருந்தன. ஓர் ஆண்டு அப்படி ஒரு நல்ல நாளில் வைத்த நெருப்பு, மச்சாளின் வீட்டையும் விதைக்கு வைத்த குரக்கன் தானியத்தையும் தின்றது. தலைவிதி என்றார்கள். அவருக்கு ஆத்திரம் வந்தது. காதுத்தோட்டை விற்று ஒரு சின்ன றேடியோ வாங்கினார். பற்றரி களைத்துப்போனால் வெயிலில் காயவைத்து, மத்தியானச் செய்திக்குப் பின் வரும் வானிலையை மட்டும் கேட்பார். நாங்கள் சிரித்தோம்.

அடுத்த ஆண்டு காணி பிரித்தபோது மேற்கு மூலை அவருக்கு வாய்த்தது. சோமசேகரத்தார் வெள்ளிக்கிழமையைக் குறித்தார். வியாழன் மத்தியானம் றேடியோ வேறு கதை சொன்னது: கிழக்கில் வெள்ளி முழுக்கக் கடும் வெப்பமும் பலத்த காற்றும், சனி காலையில் காற்றுத் தணியும், மாலையில் இடியோடு கனமழை.

"சனி காலமை வைப்பம்," என்றார் மச்சாள்.

"சனி நவமி, பிள்ளை. நவமியிலை ஆரும் நெருப்பு வைப்பினமோ?" என்றார் சோமசேகரத்தார். "மழை முந்தினால் காடு நனைஞ்சுபோம். பதினாறு குடும்பமும் என்னத்தைத் தின்னுறது?"

அந்தப் பயம் நியாயமானது. மச்சாளுக்கும் அது தெரியும். மழை முந்தினால் அவரை ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பந்தத்தை என் கையில் தந்து மேற்கு மூலைக்கு முன்னே அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மச்சாள் காய்ந்த சுள்ளிகளுக்கு நடுவே மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். காற்று அவர் சேலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"எழும்புங்கோ மச்சாள், நேரம் போகுது."

"ஏலாது. ஒருக்கா என்ரை வீட்டை எரிச்சனீங்கள், பொறுத்தனான். இண்டைக்கு எரிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து எரியுங்கோ. வை, இராசதுரை. உனக்குத் துணிவிருந்தால் வை!"

பின்னால் ஆட்கள் கத்தினார்கள். பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தேன். நல்ல நேரம் கழியும்வரை அவர் அசையவில்லை.

பின்னேரம் கண்டி வீதிக்கு அப்பால் கரும்புகை எழுந்தது. அங்கேயும் யாரோ அன்றைக்கே காட்டைக் கொளுத்தியிருந்தார்கள். காற்று திரும்பிய பக்கமெல்லாம் நெருப்புப் பாய்ந்து நாலு வீடு போய்விட்டது என்று இரவு செய்தி வந்தது. மச்சாளின் முகத்தில் முழிக்கவே எங்களுக்கு வெட்கம்.

சனி காலை ஓர் இலைகூட அசையவில்லை. வானம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. சோமசேகரத்தாரைத் தவிர எல்லோரும் வந்தோம். மச்சாளே முதல் நெருப்பை வைத்தார். நெருப்பு ஆறுதலாக, தன் எல்லையைத் தாண்டாமல் எரிந்தது. நாலு மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. சாம்பலும் தண்ணீரும் கலந்த அந்த மணத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குடையோடு வந்த சோமசேகரத்தார், "ஏதோ நவமி எண்டாலும் அம்மாள் காப்பாத்திப்போட்டா," என்றார்.

"அம்மாள் வெள்ளிக்கிழமையும் இருந்தவதானே? அவவை ஏன் சோதிக்கப் பாத்தனீங்கள்?" என்று மச்சாள் கேட்டார். சோமசேகரத்தார் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அதற்கடுத்த ஆண்டு காடு வெட்டி முடிந்த கிழமை, அவர் மச்சாளின் வாசலுக்கு வந்து நின்றார். கையில் பஞ்சாங்கம் இல்லை. புதிய பற்றரி இரண்டு இருந்தன.

மச்சாள் எழும்பவும் இல்லை, கதிரை போடவும் இல்லை.

"அதிலை வைச்சிட்டுப் போங்கோ. நாள் நான் சொல்லுறன்."