எழுபத்திரண்டாம் கட்டத்துக்கு அப்பால்

வெர்னா தோர்லாக்சனிடம் இரண்டைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. ஒன்று, பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டுத் துடைப்பத்தால் வழி தேய்க்கும் கர்லிங் ஆட்டத்தில் அவருடைய அணி. இன்னொன்று, அவர் எழுதும் கணினி மொழி ஃபோர்ட்ரான். கணவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி கேட்பார். தன் பங்குக்கு இரண்டு சேர்த்தும் விடுவார்.

வின்னிபெக்கில் எங்கள் நிறுவனத்துக்கு ஆற்று வெள்ளத்தைக் கணிப்பதுதான் பிழைப்பு. வெர்னா பதினாறு வருடமாக அதற்கான புரோகிராம்களை எழுதிவந்தார். அவர் தாளில் எழுதுவதை, கணினி படிப்பதற்காக, வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுக் கொடுப்பவள் நான், டார்லீன். எழுதியதை எழுதியபடி துளையிட வேண்டும், சொந்தப் புத்தியைக் காட்டக்கூடாது. ஆனால் எது தவறினாலும் முதல் திட்டு எனக்குத்தான்.

1973 ஜனவரியில் ஒரு பெரிய வேலை வந்தது. மழை, பனி உருகல், மதகுகள், எட்டு ஊர்களுக்கு எச்சரிக்கை, எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் கட்ட வேண்டும். மூன்று வருட வேலை. எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் சண்டை. எங்களுடைய இன்னொரு புரோகிராமர் லாயிட் பூர், பி.எல். ஒன் என்ற புதிய மொழியின் கட்சி.

"உன் ஃபோர்ட்ரான் நல்லாக் கூட்டும், கழிக்கும். எட்டு ஊர் பேரைச் சொல்லுன்னா திருதிருன்னு முழிக்கும்" என்றார் லாயிட்.

"உன் மொழிக்கு எல்லாம் தெரியும், எதையும் நேரத்துக்கு முடிக்காது. அச்சு அசல் உன்னை மாதிரியே" என்றார் வெர்னா.

எங்கள் மேலாளர் ஸ்டான் ஒரு வழி சொன்னார். போன வசந்தத்தில் ஆறு எவ்வளவு உயர்ந்தது என்பதை இருவரும் அவரவர் மொழியில் கணக்கிட வேண்டும். யார் நிஜத்துக்கு அருகில் வருகிறாரோ அவர் மொழி, அவரே தலைமை. வெர்னாவுக்குத் தலைமைதான் முக்கியம். அவர் வேலை பழக்கிவிட்ட இரண்டு ஆண்கள் பதவி உயர்ந்து அவர் தலைக்கு மேலேயே போயிருந்தார்கள்.

வெர்னாவின் கணக்கு இரண்டு அங்குலம்தான் தவறியது. லாயிடுடையது ஒன்பது. லாயிட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பண்டம் வாங்கி வந்தார். திங்கட்கிழமை ஸ்டான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை வெர்னா சும்மா ஆசைக்கு இந்த வருடப் பனி அளவைப் புரோகிராமுக்குக் கொடுத்துப் பார்த்தார். எங்கள் ஜன்னல் வரை குவிந்திருந்த பனி. பிறகு பனியே இல்லை என்று கொடுத்தார். இரண்டு தடவையும் ஒரே விடை. ஓர் அங்குலம்கூட மாறவில்லை.

நேராக என்னிடம் வந்தார். இருவரும் அட்டைகளைப் புரட்டினோம். ஃபோர்ட்ரான் ஓர் அட்டையில் எழுபத்திரண்டு கட்டம்தான் படிக்கும். மிச்ச எட்டும் அட்டை எண்ணுக்கு. கடைசி நேரத்தில் ஒரு வரியின் வாலில் அவர் சேர்த்த பனிக் கணக்கு, எழுபத்து மூன்றாம் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இயந்திரம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூச்சு விடவில்லை. போன வருடம் பனியே அதிகமில்லாததால் விடை தப்பித்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க, வேற அட்டை போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னேன், இப்போது மறைப்பானேன்.

"கர்லிங்ல என் துடைப்பம் கல்லுல பட்டா, யாரும் பாக்கலைன்னாலும் தப்புன்னு நானே கையைத் தூக்குவேன், டார்லீன்" என்றார். அந்த அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அட்டையை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். ஸ்டான் உடனே என்னைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், டார்லீன்..."

"அவளை ஏன் பாக்கறே? தாள்ல எழுதினவ நான். அவ எழுதினபடி துளையிட்டா."

நான்கு வருடத்தில் அந்த அறையில் யாரும் எனக்காக அப்படிப் பேசியதில்லை.

"இந்த வேலைக்கு என் மொழி வேண்டாம்" என்றார் வெர்னா. குரல் கொஞ்சம் உடைந்தது. "லாயிட் மொழியில ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவுல அரைப்புள்ளி வெச்சாகணும். வால் அறுந்தா மெஷின் கத்தும். என்னோடது சத்தமில்லாம முழுங்கிடுச்சு. பத்தாயிரம் அட்டையில இன்னும் எத்தனையை முழுங்கும்? கீழே எட்டு ஊர் இருக்கு."

லாயிட் மேசையிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தோத்த அன்னிலேர்ந்து மூணு நாள் இவ புரோகிராமை வரி வரியாப் படிச்சேன், ஒரு குத்தமாவது கிடைக்காதான்னு. எனக்குக் கிடைக்கல" என்றார். "ஸ்டான், மொழி என்னோடதா இருக்கட்டும். ஆனா நான் இவளுக்குக் கீழதான் வேலை செய்வேன். வேற யாரைப் போட்டாலும் என்னை விட்டுடு."

ஸ்டான் பேனாவை உருட்டினார், என்னைப் பார்த்தார், கடைசியில் வெர்னாவைத் தலைமையாக வைத்தே கையெழுத்துப் போட்டார். வெர்னா அழுதுவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் புது மொழி படிக்கவேண்டி வந்ததே என்ற துக்கம் என்று பிறகு சொன்னார். நான் நம்பவில்லை.