அடுத்த மாசம் வரும் ஒரு கிலோ லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரன் பாதி டாக்டர், பாதி ஜோசியக்காரன்; "இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்றாலும் பதில் சொல்லணும், "புது மாடல் எப்ப வரும்?" என்றாலும் பதில் சொல்லணும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக எனக்கு இந்தப் பிழைப்புதான். என் பேர் போர்டில் பெரிசாக இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. எல்லாருக்கும் நான் 'பாய்'. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். மூடி ஒரு பக்கம் ஆடும், பட்டனில் எழுத்து அழிந்திருக்கும். இதுக்குச் செலவு பண்ணி ஓட்டுவதா, கொஞ்சம் பொறுத்து அந்த மெல்லிசானதை வாங்குவதா என்று நீங்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வியாதிக்கு என்னிடம் மருந்து கிடையாது. நானே அதில் விழுந்தவன். ஆனால் நான் விழுந்ததில் நொந்தது என் முதுகு இல்லை, இன்னொருத்தர் முதுகு. அதைச் சொல்லி முடித்தால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

கையில் எடை போட்டவர்

சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பையன் காலேஜ் சேர்ந்திருக்கிறான், லேப்டாப் வேண்டும். ஒரு கையில் தடியானதைக் கொடுத்தேன், இன்னொரு கையில் மெல்லிசானதை. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். தடியானது இவ்வளவு, மெல்லிசானது அதைப் போல ரெண்டு மடங்கு என்று விலை சொன்னேன். மெல்லிசில் ராம் என்கிற மெமரியை மதர்போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுவான், நாளைக்கு ஒண்ணும் கூட்ட முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவருக்கு வந்தது பாருங்கள் கோபம். ரெண்டையும் மேசையில் வைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எடை ஜாஸ்தின்னா வெல கம்மி, எடை கம்மின்னா வெல ஜாஸ்தி. ஆலைக்குக் கரும்பு போடறவன்கிட்ட வந்து இந்த நாயத்தச் சொல்றியே பாய்!"

டீக்குப் போகிற நேரம்

பத்திரம் எழுதுகிறவர் ஒருத்தர். மூணு வருஷம் காத்திருந்தார். எந்தப் புது லேப்டாப் வந்தாலும் முதல் வீடியோ அவர்தான் பார்ப்பார். "இது வேணாம் பாய், அடுத்ததுல சிப்பு மாறுதாம்" என்பார். அது வந்ததும், "அடுத்ததுல பேட்டரி நிக்குதாம்" என்பார். அதுவரைக்கும் தன்னுடைய பழசைக் காலையில் ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய், ரெண்டு பேரோடு அரசியல் பேசிவிட்டு வந்தால்தான் அது எழுந்திருக்கும். பத்திரத்துக்கு வந்தவங்க வெயிலில் நிற்பாங்க.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, உள்ளே சுத்துகிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுத்தாத எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் ஆன் ஆகிவிட்டது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். திரும்ப ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மூணு வருசமா ஜனங்கள வெயில்ல நிக்க வச்சிட்டனே பாய்."

இன்ஷா அல்லா, அடுத்த மாசம்

இப்படி ஊருக்கெல்லாம் 'காத்திருக்காதீங்க' என்று சொன்னவன்தான், அஞ்சலையிடம் மட்டும் காத்திருக்கச் சொன்னேன்.

அஞ்சலை கச்சிராயபாளையத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவர். நாற்பது வயசு இருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன் என்று மனு போட்டுக் கொடுப்பார். கல்வராயன் மலைக்காரங்க இதுக்காகக் கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் திங்களும் வியாழனும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இவரே மேலே போவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒத்தையடிப் பாதையில் மூணு மைல் நடை. பேரில் ஒரு எழுத்து தப்பினாலும் அலைச்சல் என்பதால், அவங்க எதிரிலேயே தட்டி, சத்தமாகப் படித்துக் காட்டி, அவங்க சரி என்று தலையாட்டிய பிறகுதான் மூடுவார். மேலே சிக்னல் கிடையாது. கீழே வந்துதான் மனுவை அனுப்புவார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை.

"முதுகுல நரம்பு அழுத்துதாம், எடை தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஒரு கிலோவுக்குள்ள லேப்டாப் இருக்குதாமே பாய்? அது கெடச்சா இன்னும் பத்து வருசம் மலை ஏறுவேன். இல்லன்னா இதோட நிறுத்திக்க வேண்டியதுதான்" என்றார். சென்னை டீலருக்குப் போன் போட்டேன். அடுத்த மாசம் வருகிறது என்றான். எனக்கும் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன்? அந்த மாடலைக் கள்ளக்குறிச்சியில் முதல் ஆளாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க வேண்டும் என்ற பவுசு. "இன்ஷா அல்லா, அடுத்த மாசம் வந்துடும்மா. பழசுக்குக் காசக் கொட்டாதீங்க" என்றேன். என் பவுசுக்கு அல்லா பேரைச் சொல்லியிருக்கிறேன், தவ்பா, அவன்தான் மன்னிக்கணும்! அஞ்சலை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசம்தானே பாய், அடிச்சிப் புடிச்சி ஏறிடுவேன்."

மணி பார்த்தது

அடுத்த மாசம் அஞ்சலை வந்தார். ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று டீலர் சொன்னதைச் சொன்னேன். அதற்கடுத்த மாசமும் வந்தார். இதையே புதுச் சிப்போடு விடப் போகிறான், இப்ப வாங்கினால் மூணு மாசத்தில் பழசாகிவிடும் என்று டீலர் ஓதினான். நான் அப்படியே அஞ்சலைக்கு ஓதினேன். "பேட்டரியும் நிக்க மாட்டேங்குது பாய்" என்று நடுவில் ஒரு தடவை சொன்னார். "புதுசு வந்தா அந்தத் தொல்லையே இல்லம்மா" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்தேன்.

ஒவ்வொரு தடவையும் பையை வாசல் படியோரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம்: மாடல் நம்பர் கேட்போம், வாங்கி எத்தனை வருஷம் என்று கேட்போம், வருகிறவங்க எதைச் சுமந்துகொண்டு வருகிறாங்க என்று பார்க்க மாட்டோம். மூணாவது மாசம் அவர் போன பிறகு மணி என்னைக் கூப்பிட்டான். மணி எங்கள் கடை மெக்கானிக், களமருதூர்க்காரன், பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறான். லென்ஸ் விளக்கை விட்டுத் தலை தூக்கவே மாட்டான். அன்றைக்குத் தூக்கினான். "அண்ணே, அந்தம்மா இப்பல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்கறாங்க, பாத்தீங்களா?"

பை

அடுத்த வாரம் பை மட்டும் வந்தது. கொண்டுவந்தவர் அஞ்சலையின் வீட்டுக்காரர் ஏழுமலை, டிராக்டர் ஓட்டுகிறவர். "திங்கக்கெழம எறங்கி வர்றப்ப பாதையில உக்காந்தவதான் பாய், எழுந்திரிக்க முடியல. மேல இருக்கற ஜனங்க கட்டில்ல போட்டு ரோடு வரைக்கும் தூக்கியாந்தாங்க. வூட்டுல படுத்துக்கினு இருக்கா. காலேஜ் சேர்ற புள்ளைங்க பதினோரு பேரு மனு இதுக்குள்ள இருக்குதாம். நாலு நாள்தான் பாக்கி. பை கீழ வுழுந்ததுலேர்ந்து இது ஆன் ஆவல" என்றார்.

பையைத் தூக்கினேன். இத்தனை மாசத்தில் முதல் தடவையாகத் தூக்குகிறேன். கை இறங்கிப்போய்விட்டது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். ஏழு கிலோவுக்கு மேல். இவ்வளவு எப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். லேப்டாப் ரெண்டரைக் கிலோ. சார்ஜர், சின்ன ஸ்கேனர், தாள் கட்டு. அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு பைக் பேட்டரி, அதோடு ஒயர் போட்ட இன்வெர்ட்டர் டப்பா. லேப்டாப்பை விட இதுதான் கனம்.

"மேல கரண்ட்டு வரும், போவும். லேப்டாப்புல சார்ஜு பத்து நிமிசம் கூட நிக்கல. ஒருத்தருக்குத் தட்டறதுக்கே அரை மணி ஆவுது. அதான் என் வண்டி பேட்டரியக் கழட்டிக் குடுத்தேன்" என்றார் ஏழுமலை.

மணி சாயந்திரத்துக்குள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மனுக்களை மீட்டு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிவிட்டான். பதினோரு பேரும் பத்திரம். சி.டி. போடுகிற தட்டு எதுக்கு என்று அதையும் கழற்றினான். நான் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து அந்த லேப்டாப்புக்கான பேட்டரியை எடுத்தேன். கால் கிலோ சொச்சம். மாட்டினால் மூணு மணி நேரம் நிற்கும், பைக் பேட்டரியே வேண்டாம். மாட்ட ரெண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. பேட்டரி டப்பாமேல் இருந்த தூசியைத் துடைத்ததை ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "இது அப்பவே கடையில இருந்திச்சா பாய்?"

ஆயிரம் கிராமுக்கும் கம்மி

நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து அவரிடம் கொடுத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அஞ்சலை படுத்தபடியே, வயிற்றின் மேல் தலகாணி வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பதினோரு மனுவையும் அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் நேரத்துக்குச் சான்று வந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமை மேலே போய் எழுத வேண்டியவங்க இன்னும் ஆறு பேர் இருந்தாங்க. நாலு பேர் பஸ் பிடித்துக் கீழே வந்து மனு போட்டாங்க. ரெண்டு பெண் பிள்ளைகள் வரவில்லை.

ரெண்டு மாசம் கழித்து டீலர் அந்த லேப்டாப்பை அனுப்பினான். ஆயிரம் கிராமுக்கும் கம்மி. கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அஞ்சலை மவுஸ் வாங்க வந்தார். இடுப்பில் பெல்ட், கையில் ஒன்றுமில்லை. அந்த ரெண்டு பெண்களைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று கல் வேலைக்குப் போகிறாளாம். இன்னொருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாங்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மவுஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெட்டியைத் திறந்து அந்த லேப்டாப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். "எடுத்துக்கினு போங்கம்மா. வெலயப் பத்திப் பேசாதீங்க. என் தப்பு இது" என்றேன். மணி எழுந்து வெளியே போய்விட்டான். அஞ்சலை அதை உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். மூடியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடிமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு, மவுஸை எடுத்துக்கொண்டார்.

"தூக்கற மாதிரியே இல்ல பாய், நல்லாதான் இருக்குது. டாக்டரு இனிமே மலையே ஏறக் கூடாதுன்னுட்டாரு. என்னுத இப்ப மேசதானே தூக்கிக்கினு இருக்குது, அதுக்கு முதுகு வலிக்காது."

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் பேச்சுக்கு முன்னால் அவங்க பையை வாங்கித் தூக்கிப் பார்க்கிறேன், லேப்டாப் பாய் பழைய இரும்புக் கடை வைக்கப் போகிறார் என்று பஸ் ஸ்டாண்டு பூரா பேசிக்கொள்கிறார்கள்.