நிலாக் கடையில் மாமியின் மேசை

பல்லிடுக்கில் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, அலுமாரிக் கதவிலிருந்த கண்ணாடியின் முன் நின்று தலைத்துணியை மடித்துக் குத்தும் மாமி. என் கணவரின் உம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். நான் பாடசாலை ஆசிரியை என்பதால் விடுமுறைக் காலங்களில் மட்டுமே அதைப் பார்க்கக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை என்றால் காலை பத்து மணிக்கெல்லாம் சோறு, பருப்பு, மீன் ஆணம், கீரைச் சுண்டல் எல்லாம் ஆகி, அடுப்படியும் துடைக்கப்பட்டிருக்கும். “எல்லாம் மூடி வெச்சிரிக்கி மகள். பசிச்சா தின்னுங்க. நான் போய்ட்டு வார” என்பார். எங்கே என்று சொல்லமாட்டார்; வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்பிட்டியவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்து, பதினொரு மணிக்கு அவர் நிலாக் கடையில் இருப்பார்.

நிலாக் கடை என்பது மாமி வைத்த பெயர். கடையின் உண்மையான பெயரை அவர் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. கண்டியில் ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் அது இருந்தது. பிற்பாடு பல்லேகலையிலும் கடுகண்ணாவையிலும் கிளைகள் திறந்தார்கள். உள்ளே போனால் விண்வெளி ஓடத்துக்குள் ஏறியது போலிருக்கும். கூரை முழுக்கக் கருநீலம் பூசி, அதில் சின்னச் சின்ன விளக்குகளை நட்சத்திரங்களாகப் பதித்திருந்தார்கள். சுவர்களில் வட்டமான கண்ணாடிச் சன்னல்கள், அவற்றுக்குள் தூரத்தில் தெரியும் பூமி. பரிமாறுகிறவர்கள் வெள்ளி வரியிட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருப்பார்கள். உணவுகளுக்கெல்லாம் கிரகங்களின் பெயர். பெரிய சட்டியில் வருவது வியாழன் பிரியாணி. வெங்காய வளையம் பொரித்தால் அது சனி. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுச் சிவக்கச் சிவக்கக் கொத்திய கொத்து ரொட்டிக்குச் செவ்வாய்க் கொத்து என்று பெயர்.

எங்கள் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு எல்லோருமாக அங்கே போனோம். மாமா மௌத்தாகி, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை மாமி இருந்து முடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வரமாட்டேன் என்றவரைப் பேத்திதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மாமி செவ்வாய்க் கொத்தைத் தின்று, மூக்கில் நீர் வடிய, தட்டை வழித்தார். அன்று செவ்வாய்க்கிழமை. “இது செவ்வாய்க்கு மட்டுந்தான் போடுவாங்க போல” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் சிரித்தோம். யாரும் திருத்தவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மாமி தனியாகப் போய்வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் போனார். அப்படியே இரண்டு வருடங்கள்.

மாமி எப்படிப்பட்ட பெண் என்று சொன்னால்தான் இதிலுள்ள புதுமை விளங்கும். பதினாறு வயதில் கல்யாணமாகி, பதினான்கு பேர் இருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர். ஆண்கள் தின்ற பிறகு பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிறகு வயதானவர்கள், அதற்கும் பிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டியில் மீந்ததை ஒரு கோப்பையில் பிசைந்து தின்பார். நான் மருமகளாகப் போனபோது வீட்டில் ஆறு பேர்தான். மேசையும் கதிரைகளும் இருந்தன. ஆனாலும் மாமி நின்றுதான் தின்றார். இருங்கள் என்றால், “பழகிட்டு மகள்” என்பார். நானும் ஒரு தரத்துக்கு மேல் சொல்லவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய மச்சானின் காதில் விஷயம் விழுந்தது பள்ளிவாசல் வாசலில். என் கணவரின் நானாவை, அதாவது அண்ணனை, நாங்கள் அப்படித்தான் அழைப்போம். கண்டி டவுனில் புடைவைக் கடை வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதர். “உங்கட உம்மா கடையில தனியாக் குந்தித் தின்றாங்களே, வீட்டுல சோறில்லையா?” என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “எங்களுக்கு என்ன குறை வெச்ச உம்மா? ஏன் இப்பிடி எங்கட முகத்துல கரியப் பூசுற?” என்று குரல் உடையக் கேட்டார். மாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமிக்காக ஒரு சொல் பேசியிருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. சக ஆசிரியை ஒருத்தி அவரை அங்கே கண்டதாகச் சொன்னபோது நான் பேச்சை மாற்றியிருந்தேன். “அதே கொத்த நான் வீட்டுல செஞ்சு தார மாமி” என்றேன். “சரி மகள்” என்றார் மாமி.

செய்தும் கொடுத்தேன். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு, முட்டை உடைத்து, ரொட்டியைப் பொடியாக வெட்டி. மாமி அடுப்படியில் நின்றபடி அதைத் தின்றார். “ருசியா இரிக்கி” என்றார். அடுத்த செவ்வாய், அதற்கடுத்த செவ்வாய் அவர் வீட்டில்தான் இருந்தார். நோயில்லை, கோபமில்லை, யாரையும் ஏசவுமில்லை. அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் மட்டும் நிற்கவில்லை.

நான்கு செவ்வாய்கள் போன பின்பு, பாடசாலைக்குப் புத்தகம் வாங்க அந்தக் கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். படியால் இறங்கிவந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளி வரியிட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

“நீங்க சயன்ஸ் டீச்சர்தானுங்களே? அம்மா உங்க போட்டோவக் காட்டியிருக்காங்க. அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலைங்களா? நாலு செவ்வாயா காணோம்.”

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் வேலைக்குச் சேர்ந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. மாமிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது. “அப்பாடா. நான் பயந்தே போயிட்டேங்க. பன்னெண்டரை மணி வரைக்கும் அந்த மேசையில யாரையும் ஒக்கார விடுறதில்ல. மெனேஜர் ஏசினாலும் விடுறதில்ல.” பிறகு, தயங்கி, “அம்மா இல்லாம எனக்கும் ஒரு மாதிரியா இருக்குங்க. மேசையில விரிக்கிற தாள்ல கிரகத்தப் பத்தி எழுதியிருக்கும் பாருங்க, அத எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு எங்கிட்ட கேள்வி கேப்பாங்க. எனக்கு என்னங்க தெரியும்? ‘இரிங்க தங்கச்சி, என்ட மருமகள்ட்ட கேட்டுட்டு வந்து சொல்ற’ன்னுவாங்க. அடுத்த செவ்வா வந்து சொல்லவும் செய்வாங்க” என்றாள்.

வாங்க வந்த புத்தகத்தை வாங்காமலே பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமை மாலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். மாமி வெங்காயக் கூடையைக் கிளறுவது போல் அருகே நிற்பார். “மகள், சனிக்கு மெய்யாவே வளையம் இரிக்கா?” “இரிக்கி மாமி.” “என்னத்தால செஞ்ச?” “ஐஸ், கல்லு, தூசி.” இன்னொரு நாள், “வியாழன்ல நிக்க ஏலாதாமே, நிலமே இல்லையாமே?” “ஓ மாமி, வாயுதான்.” வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் சோக்கட்டியைக் கையிலெடுத்துப் படம் வரைந்து காட்டுகிறவள் நான். மாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, குழாயைக்கூட மூடாமல், இரண்டு சொல்லில் பதில் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர் அந்த இரண்டு சொல்லைப் பத்திரமாகக் கொண்டுபோய், அங்கே ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். “உடுத்துங்க மாமி, போவோம்” என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. “மகன் ஏசுவான்” என்றார். “ஏசினா நான் கதைக்கிற.” மாமி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குண்டூசிகளைத் தேடினார்.

அந்தப் பெண் எங்களைக் கண்டதும் ஓடிவந்து மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சன்னலோர மேசையில் எங்களை உட்காரவைத்து, நேராக நின்று, “அம்மா, இன்னைக்கு என்னங்க சாப்பிடுறீங்க?” என்று கேட்டாள். மாமி உணவுப் பட்டியலை விரித்து, ஒரு விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். அவசரமே இல்லை. அந்தப் பெண்ணும் காத்துநின்றாள். எந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, யாருக்கு ஆணத்தில் புளி கூடக்கூடாது என்பதெல்லாம் மாமிக்குத் தெரியும். மாமிக்கு என்ன பிடிக்கும் என்று பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. “செவ்வாய்க் கொத்து” என்றார் கடைசியில்.

பாவம், இனியாவது சொல்லிவிடுவோம் என்று நினைத்து, “மாமி, இது ஒவ்வொரு நாளும் கிடைக்கும். செவ்வாய் எண்டு சொன்னது கிரகத்த” என்றேன்.

மாமி குனிந்து என் பக்கம் சரிந்தார். “அது எனக்கு ரெண்டாந்தரம் வந்தப்பவே தெரியும் மகள். ஒவ்வொரு நாளும் கிடைக்கும் எண்டு சொன்னா, பொறகு பார்த்துக்குவோம், நாளைக்குப் போவோம் எண்டு நீங்க எல்லாருமாச் சேர்ந்து ஒரு நாளும் போக உடமாட்டீங்க. கிழமையில ஒரு நாள்தான் எண்டா, போய்ட்டு வரட்டும் எண்டு உடுவீங்க.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே குறைவு.

அன்றிரவு என் கணவரிடம் பேசினேன். அவர் நானாவிடம் பேசினார். பலனில்லை. அடுத்தடுத்த செவ்வாய்களில் நான் மாமியோடு போனேன். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியிருந்தது. மூன்றாவது வாரம், நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், பெரிய மச்சான் கடை வாசலில் நின்றார். கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் மேசையருகே வந்து நின்றார். மாமி நிமிர்ந்து பார்த்து, “இரிங்க மகன்” என்றார். அந்தப் பெண் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தாளை விரித்து, பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டாள். நின்றபடியே அதை வைத்திருப்பது அசௌகரியமாயிருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்.

“என்ன தின்ற மகன்?”

“எனக்கு எதெண்டாலும் சரி உம்மா.”

“அப்பிடி இல்ல. வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”

சோதனைத் தாளை வாசிப்பது போல வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு, முழு அக்கறையோடு, “உம்மா, இந்த வியாழன் பிரியாணி வியாழக்கிழமையிலயா போடுற?” என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். அதற்குமேல் எங்கள் இருவராலும் அடக்க முடியவில்லை. மாமி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என்ன ஏது என்று புரியாமல் பெரிய மச்சானும் சிரிக்கத் தொடங்கினார். உம்மா சிரிப்பதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிரியாணியைத் தின்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. போகும்போது மாமியின் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு பல செவ்வாய்களில் அவருடைய வேன் வீட்டு வாசலுக்கு வந்தது. பல்லேகலைக் கிளை திறந்ததும் அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான். “நட்சத்திரம் அங்கதான் கூட. கொத்து கண்டியிலதான்” என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

போன வருடம், நோன்புக்கு முந்திய மாதத்தில், கொஞ்ச நாள் படுக்கையில் இருந்து மாமி மௌத்தானார். அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சட்டை இல்லாமல் எனக்கு அவளை மட்டுக்கட்ட ஒரு கணம் பிடித்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்து ஓரமாக நின்றாள். உள்ளே கூட்டிவந்து, மாமியின் கூட்டாளி என்று எல்லோருக்கும் சொன்னேன். பெரிய மச்சான் எழுந்து தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார்.

சில வாரங்களுக்கு முன்பு ஆசிரியர் பயிற்சியொன்றுக்காக மாவனல்லைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது மழை பிடித்தது. பகல் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை. மாமி பார்க்காமலே போன அந்தக் கிளையின் பெயர்ப்பலகை தெரிந்ததும் இறங்கிவிட்டேன். கண்ணாடிக் கதவருகே போனதும் கால் நின்றுவிட்டது. நாற்பத்தாறு வயது, இருபது வருட உத்தியோகம், வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள். வாழ்க்கையில் ஒரு முறைகூடத் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அந்தக் கதவருகில்தான் உறைத்தது. உள்ளே குடும்பங்கள் இருந்தன. யாரையோ எதிர்பார்ப்பவள் போல இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். திரும்பிப் போகலாம் என்று படியிறங்கி, மழையில் நின்று, மறுபடி ஏறினேன். தனியாகப் போன அந்த முதல் செவ்வாய்க்கிழமை, இத்தா முடிந்து சில மாதங்களில், கண்டிக் கடையின் இரண்டு மாடிப் படிகளையும் மாமி எப்படி ஏறியிருப்பார்? எத்தனை தரம் நின்றிருப்பார்? அதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

“எத்தனை பேருங்க?” என்றார் வாசலில் நின்றவர்.

“ஒராள்.”

உட்கார்ந்து, பட்டியலை விரித்தபோது தொலைபேசி அடித்தது. என் கணவர்.

“எங்க இரிக்கீங்க?”

“கடுகண்ணாவையில. சாப்பிடப் போற.”

“யாரோட?”

“தனியா.”

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் சொன்னார்: “அவசரமில்ல, ஆறுதலாத் தின்னுட்டு வாங்க.”