வெந்த ஈறு

அந்தப் பல் மருத்துவமனையில் எல்லாரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அடுத்தவர் வாயில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. எச்சில், சீழ், அழுகிய கடைவாய்ப்பல்லின் நாற்றம் எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டன என்று டாக்டரம்மா நினைத்திருந்தார். பழகவில்லை. முகமூடி இருந்ததால் முகம் கோணுவது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். நாளுக்குப் பத்து டீ, ஆறேழு சிகரெட்; பல் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. "நீ சிரிச்சா வர்றவன் வாசலோட திரும்பிடுறான்யா" என்று முதலாளி ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மனைவியிடம் வாயைத் திறந்து காட்ட வெட்கப்பட்டு, பல்லை வெளுக்க வைக்கப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அழகு நிலையத்துக்குப் போனார் மனிதர்.

சாயங்காலம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னங்க ஆச்சு? கையை எடுங்க."

எடுத்தார். ஈறு வெந்த தோல் மாதிரி வெளுத்து, ஓரத்தில் உரிந்து தொங்கியது. உதட்டில் கொப்புளம்.

"ஏதோ ஜெல் தடவி நீல லைட் அடிச்சாங்க. எரியுதுன்னேன். எரிஞ்சாதான் வெளுக்கும்னாங்க."

அவளுக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, குமட்டல். கட்டிய புருஷனைப் பார்த்தால் குமட்டுகிறதே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் டாக்டரம்மா பார்த்து, வெந்த ஈறைப் படம் எடுத்துக்கொண்டார். "ஈறு ஆறிடும். ஆனா இப்ப எதையும் தொடமாட்டேன். ஒரு சொத்தை இருக்கு, பின்பக்கம் பூரா காரை. அதைச் சரி பண்ணாம வெளுக்குற மருந்து வச்சா சுண்டி இழுக்கும். முன்னால இருக்கிற கட்டின பல்லு வெளுக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

மூன்று வாரம் கழித்து சொத்தையை அடைத்துச் சுத்தம் செய்தார். குழாயைப் பிடித்தவள் அவள்தான். கீழ்ப்பல்லுக்குப் பின்னாலிருந்து பச்சை கலந்த கறுப்புக் காரை கட்டியாகப் பெயர்ந்து, ரத்தத்தோடு குழாயை அடைத்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கழிவறைக்கு ஓடினாள். வாந்தி எடுத்து, முகம் கழுவித் திரும்பியபோது கணவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

"அவ்ளோ அசிங்கமாவா இருக்கு?"

"ஆமா." பொய் சொல்ல வரவில்லை. "வாயத் தொறங்க. மேல் வரிசை பாக்கி இருக்கு."

அடுத்த வாரம் வெண்மையாக்கினார்கள். ஈறு முழுக்கக் காப்புப் பசை பூசி, பல்லில் மட்டும் மருந்து. கூசினால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் தூக்கினார், டாக்டரம்மா உடனே கழுவி எடுத்துவிட்டார். பல் நன்றாகவே வெளுத்தது. கட்டின பல் மட்டும் மஞ்சளாக நின்றது.

அன்று மாலை அவள் அழகு நிலையத்துக்குப் போனாள்.

"வாங்கக்கா, உங்களுக்கும் பண்ணிடலாமா?" என்று அங்கிருந்த பெண் நாற்காலியைத் தட்டினாள். பக்கத்துச் சோப்பு டப்பாவில் உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் கிடந்தது. யாருடைய எச்சிலோ காய்ந்து, அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

"இதைக் கழுவவே மாட்டீங்களா?"

"தொடச்சிருவோம்க்கா."

அதைப் படம் பிடித்து, டாக்டரம்மா எடுத்த படத்தோடு சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். இரண்டு மாதம் அலைந்த பிறகு ஆட்கள் வந்து நீல விளக்கைத் தூக்கிப் போனார்கள்.

"அந்த ஒரு பல்லு மட்டும் ஏன்யா மஞ்சளா இருக்கு?" என்று முதலாளி கேட்ட வாரமே கணவர் வேறு கடைக்கு மாறிவிட்டார். அழகு நிலையத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். அந்தச் சோப்பு டப்பா ஞாபகத்தில் அவள் இன்னும் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போகிறாள்.